புல்தைலமும் ஐந்தரை மணியும்

ஜூன் 2, திங்கள்

இருபது வருடம் முன்பு எட்டாம் வகுப்பில் ரேணுகா என்ற பெண் எழுந்து, "டீச்சர், நாம தூங்கறப்ப மூக்கும் தூங்குமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "மூக்கு தூங்குனா மூச்சு யாரு உடறது? உக்காரு" என்று சொல்லி நானும் சிரித்துவிட்டேன். அவள் கேட்டது மூச்சை அல்ல, வாசனையை என்பது மாலை பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று அது ஞாபகம் வந்ததற்குக் காரணம், பெங்களூரிலிருந்து மகள் நித்திலா அனுப்பிய பார்சல். உள்ளே சுண்டுவிரல் அளவு பாட்டிலில் லாவண்டர் எண்ணெய், வாசனையைப் புகையாக விடும் ஒரு சின்ன மின்கருவி, ஒரு சீட்டு: "அம்மா, அப்பா தூங்கறதுக்கு."

இந்த நோட்டு அதற்காகத்தான். என் வீட்டுக்காரருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்து நாலு வருடம் ரயில் ஓட்டியவர், பெரும்பாலும் சரக்கு வண்டி. ஓய்வு பெற்ற பிறகு தூக்கமே வரவில்லை. ஒன்றரை வருடமாக மாத்திரை. போன மாதம் விடிகாலையில் குளியலறையில் தள்ளாடி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. தள்ளாட்டத்துக்கு மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். "இந்தத் தடவை கை. அடுத்தது இடுப்பாக இருக்கலாம். ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது" என்றார். இரண்டு வாரம் முக்கால் மாத்திரை, இரண்டு வாரம் பாதி, இரண்டு வாரம் கால். ஜூலை பதினான்காம் தேதி இரவு மாத்திரை இல்லாமல் தூங்க வேண்டும்.

"ஆறு வாரம் ஒரு வகுப்புன்னு நெனச்சுக்கங்க" என்றேன்.

"பரிச்சை நான் எழுதோணும், மார்க்கு நீ வாங்குவியாக்கும்" என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

எட்டரைக்கு டிவி நிறுத்தம். ஒன்பது மணிக்குக் கால்களை வெதுவெதுப்பான நீரில் வைத்தல். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு லாவண்டர் கலந்து பாதத்தில் தேய்த்தல். தனியாகத் தேய்த்தால் தோல் எரியும். முதலில் என் முழங்கையில் தடவி ஒரு நாள் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்பதரைக்கு விளக்கு மங்கல். பத்துக்குப் படுக்கை.

மருந்து என்று இதை நான் நம்பவில்லை. பள்ளிக்கூட மணி யாரையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் நாலே கால் மணிக்கு அது அடித்ததும் நாற்பது பேருடைய கை தானாகப் பைக்குப் போகும். அப்படி ஒரு மணி அவருடைய உடம்புக்கு வேண்டும்.

"என்ன புள்ள இது, கல்யாண வீட்டு ரோஸ் வாட்டர் மாதிரி" என்றார். காலை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தார்.

ஜூன் 5, வியாழன்

1.40க்கும் 3.10க்கும் முழித்திருந்தார். தற்செயலாகக் கடிகாரம் என் கண்ணில் பட்டது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பாட்டிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிண்ணம் நீரில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். கூடத்தின் அந்தக் கோடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். ஒரு சொட்டு, அத்தனை இடம் போய், ஒரு மனிதனுடைய தலையைத் திருப்புகிறது. முப்பத்திரண்டு வருடம் 'பரவுதல்' பாடம் நடத்தியிருக்கிறேன். டம்ளர் தண்ணீரில் மை விட்டுக் காட்டுவேன், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இன்று நான் பிளந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தார். பகலில் அரைமணிக்கு மேல் தூங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "மூணு மணிக்கு எழுப்பு" என்று சொல்லித்தான் படுத்தார். மூன்றுக்குப் போய்ப் பார்த்தேன். முகம் அப்படித் தளர்ந்து கிடந்தது. எழுப்ப மனம் வருமா? தூங்கட்டும், பாவம் என்று விட்டுவிட்டேன். மூன்றே காலுக்கு அவரே எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். முகம் கழுவப் போனார்.

அவருக்குத் தூங்கத் தெரியாது என்றில்லை. கல்யாணமான முதல் வருடம் ஒருநாள் பதினோரு மணி நேரம் ஒரே தூக்கம் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அந்தத் தூக்கத்தை அவருக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

லாவண்டரை மாற்றி வெட்டிவேர் எண்ணெய். "தண்ணிப் பானைக்குள்ள படுத்த மாதிரி இருக்குது" என்றார். 12.50, 2.30, 4.05.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று முதல் பாதி மாத்திரை. முக்கால் வரைக்கும் தாங்கிவிட்டார், பாதிக்கு வந்ததும் முதல் இரவே சிரமப்பட்டார். நான் ஒரு யோசனை செய்தேன். யோசனை என்னுடையதுதான், மறைக்கவில்லை.

குழந்தைக்குத் தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் தூங்கிவிடும். அவருக்கு மிகவும் தெரிந்தது எங்கள் ஈரோட்டிலிருந்து ஷொரணூர் வரைக்குமான பாதை. விளக்கை மங்கலாக்கி, பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மெல்லிய குரலில் ஆரம்பித்தேன். தொட்டிப்பாளையம். பெருந்துறை. இங்கூர். விஜயமங்கலம். ஊத்துக்குளி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திருப்பூர். வஞ்சிபாளையம். சோமனூர். மூச்சு சீரானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போத்தனூர் தாண்டி, மதுக்கரை என்றேன்.

சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னுங்க?"

"மதுக்கரை தாண்டுனா யானை நடமாட்டம். வேகத்தக் கொறைக்கோணும். இடது பக்கம் காடு, வளைவு, ஒண்ணுமே தெரியாது. ஆரன் அடிச்சுட்டே போகோணும்."

"வண்டி இல்லீங்க. நம்ம ரூமு."

"தெரியுது. ஆனா மதுக்கரைன்னு சொல்லிப்போட்டயே."

அப்புறம் என்ன செய்ய? அவரை வாளையார் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடும் என்று கடகடவென்று மீதி ஊர்களையும் சொல்லி முடித்தேன். ஷொரணூர் வந்தபோது இருவருக்கும் நல்ல முழிப்பு. நாலு மணிக்குக் காப்பி போட்டேன்.

ஜூன் 18, புதன்

நித்திலா போனில் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். "அம்மா, தாலாட்டுல யானைய உட்டுட்டயா?"

ஜூன் 22, ஞாயிறு

இன்று எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அவருடைய பழைய டூட்டிப் பையை வெயிலில் போடலாம் என்று எடுத்தேன். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. பத்தில் மூன்று காலி. நான் பாதி எடுத்துக் கொடுத்த இரவுகளில், அவர் இன்னொன்றும் போட்டிருக்கிறார்.

அட்டையை மேசைமேல் வைத்தேன். "எப்பருந்து?"

"மூணு நாளா."

"ஏனுங்க?"

"உன் மூஞ்சியப் பாத்து. காலைல நோட்ட எடுத்து வெச்சுட்டு உக்காருவே. நான் ரெண்டு மணிக்கு முழிச்சேன், மூணு மணிக்கு முழிச்சேன்னு எழுதறப்ப உன் மூஞ்சி போற போக்கு. ஃபெயிலான பையனுக்கு மார்க் போடற மாதிரி."

மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று உரக்கப் பேசிவிட்டேன். முப்பத்து நாலு வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். பிறகு அவரே எழுந்து அட்டையை என்னிடம் நீட்டினார். டாக்டரிடம் போனில் உண்மையைச் சொன்னோம். பாதியிலேயே தொடருங்கள், தேதி மாற்ற வேண்டாம் என்றார்.

ஜூன் 26, வியாழன்

வீட்டு வேலைக்கு வரும் மயிலாத்தாளுக்கு இன்று காலையில் ரேஷன் கடை. மாலை நாலரைக்குத்தான் வந்தாள். தரை துடைக்கிற மருந்து தீர்ந்துவிட்டிருந்தது. அவளே மளிகைக் கடைக்குப் போய் ஒரு மஞ்சள் பாட்டில் வாங்கி வந்து, வாளியில் ஊற்றிப் படுக்கையறையைத் துடைத்தாள். எலுமிச்சையும் காய்ந்த புல்லும் கலந்த மாதிரி காரமான வாசனை வீடெல்லாம் ஏறிவிட்டது.

"ஏ மயிலா, என்ன ஊத்துனே? தும்மல் வருது."

"புல்தைலமுங்க டீச்சரம்மா. கேரளாக்காரரு கடைல இதுதான் இருந்துச்சு. கொசு வராதாமா."

ஈரம் காய்ந்த பிறகுதான் அவரை உள்ளே விட்டேன். ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால், ஜன்னலோர நாற்காலியில், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மயிலாத்தாளும் நானும் வாசலில் நின்று பார்த்தோம்.

"அய்யா தூங்குறாருங்க" என்றாள், ஏதோ அதிசயப் பிராணியைப் பார்த்தவள் போல.

ஜூன் 27, வெள்ளி

காலையில் பாட்டிலைத் திறந்து அவருடைய மூக்கருகே நீட்டினேன். "இது என்ன வாசன, சொல்லுங்க பாக்கலாம்."

ஒரு கணம்கூட ஆகவில்லை. "ஷொரணூர்" என்றார்.

புல்தைலம் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னார்.

வண்டி கொண்டுபோன ஓட்டுநர்கள் திரும்பும் முன் படுத்து எழும் இடத்துக்கு ரன்னிங் ரூம் என்று பெயர். ஷொரணூர் ரன்னிங் ரூமில் தாமோதரன் என்று ஒருவர் பொறுப்பாக இருந்தாராம். எல்லாரும் சேட்டன் என்பார்களாம். தினமும் இரண்டு வேளை புல்தைலம் ஊற்றித் தரையைத் துடைப்பாராம். ஒரு ஹாலில் எட்டுக் கட்டில். எட்டுப் பேருடைய குறட்டை. பக்கத்திலேயே பெட்டிகளை இடித்துக் கோக்கிற ஷண்டிங் சத்தம்.

"அந்தச் சத்தத்துலயா தூங்குனீங்க?"

"படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன் புள்ள. அங்க தூங்குன தூக்கம் எங்கயும் தூங்குனதில்ல."

படித்திருக்கிறேன். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் நடுவே ஓரிடத்தில் நின்றுதான் மேலே போகும். வாசனை மட்டும், பெரிய ஜங்ஷனில் நிற்காமல் போகிற வண்டி மாதிரி, நினைவும் உணர்ச்சியும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்ச் சேரும். பாடமாகப் படித்தது. நேற்று என் வீட்டு ஜன்னலோரத்தில் அது நடந்ததைப் பார்த்தேன். இரண்டு மூடி தரை துடைக்கும் எண்ணெய், ஒரு மனிதனை கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்துவிட்டது.

ரேணுகாவுக்கு இந்த வயதில் குழந்தைகள் இருக்கும். உன் கேள்விக்கு இன்னும் பதில் தெரியாது, ஆனால் அது நல்ல கேள்வி என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

இன்றிலிருந்து கால் மாத்திரை. தரையை நானே மாலை ஆறுக்குத் துடைத்து, மின்விசிறி போட்டுக் காயவைக்கிறேன். பாதத்தில் தேய்ப்பதில்லை. அது தரைக்கான எண்ணெய்.

நாலு இரவாகப் பத்தே காலுக்கெல்லாம் தூங்கிவிடுகிறார். ஆனால் இரண்டு மணிக்கு முழிப்பு. அதற்குப் பிறகு விடியும்வரை தூக்கம் இல்லை. கதவு திறக்கிறது, உள்ளே போகிறார், யாரோ வெளியே தள்ளிவிடுகிறார்கள். கால் மாத்திரையும் போய்விட்டால்? பதினாலு நாள் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவது முறை கிழிக்கப் போவதில்லை.

நேற்றிரவு இரண்டு மணிக்கு இருட்டில் அவர் குரல். "நீ தூங்கி எத்தன நாளாச்சு?"

"நான் நல்லாத் தூங்கறனே."

"1.40, 3.10, 12.50. நோட்டப் படிச்சேன். இதெல்லாம் தூங்கறவ எழுதறதா?"

அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். பிறகு கேட்டேன். "ஷொரணூர்ல மட்டும் எப்படிங்க தூக்கம் வந்துச்சு? எண்ணெய்தான் இங்கயும் இருக்குதே."

"அங்க சேட்டன் எழுப்புவாரு."

"அதுக்கென்ன?"

"சிலேட்டுல பேரும் நேரமும் எழுதி வெச்சுக்குவாரு. ரெண்டு பத்துன்னா ரெண்டு பத்து. மழை, காச்சல், பண்டிக, எதுவா இருந்தாலும் வந்து தோளத் தொடுவாரு. அதனால நான் முழிச்சிருக்க வேண்டியதில்ல. எல்லாத்தையும் அவருகிட்டக் குடுத்துட்டுத் தூங்கிருவேன்."

"இங்க நான் இல்லையா?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. அவர் சொல்லவில்லை. அவர் சொல்லவே மாட்டார்.

அந்தப் பதினோரு மணி நேரத் தூக்கம். 1991, ஐப்பசி. பதினாலு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு, லேசான காய்ச்சலோடு வந்தார். "எட்டு மணிக்கு எழுப்பிரு. பத்துக்கு டூட்டி" என்று படுத்தார். எட்டு மணிக்கு நான் எழுப்பவில்லை. எட்டரைக்கு லோகோ ஷெட்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தார். வாசலுக்குப் போய், "அவரு ஊருக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்து விசிறினேன். அன்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

வண்டி மூன்று மணி நேரம் நின்றது. அவர்மேல் விசாரணை. மூன்று நாள் அதிகாரி அறை வாசலில் நின்றார். மனைவி பொய் சொன்னாள் என்று அங்கே சொல்லவில்லை, தான் தூங்கிவிட்டதாகவே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "பரவால்ல உடு" என்றார். நான் விட்டுவிட்டேன். முப்பத்து நாலு வருடம் அதை ஒரு இனிமையான நினைவாக வைத்திருந்தேன்.

"அன்னிலருந்து வீட்டுல நீங்க சரியாத் தூங்குனதே இல்லீங்களா?"

"ஒரு காது முழிச்சிருக்கும். பழகிப் போச்சு. உன்னயக் குத்தம் சொல்லல. நீ எழுப்ப மாட்டே. பாவம்னு உட்டுருவே. உன் மனசு அப்படி."

மூவாயிரம் டன் எடையை இழுத்துக்கொண்டு யானைக் காட்டு வழியாகப் போன மனிதர், என் பக்கத்தில் படுக்கும்போது ஒரு காதைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறார். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. மலையைப் பார்த்து, கடலைப் பார்த்து மலைத்துப் போய் நின்றிருக்கிறேன். நேற்றிரவு நின்றது போல் நின்றதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். "முப்பத்து நாலு வருசம் தாமதமா வந்த வண்டிக்கு என்ன அறிவிப்பு குடுக்கறது?" என்றார்.

படுக்கும் முன் கேட்டேன். "எத்தன மணிக்கு எழுப்பட்டும்?"

"எனக்கென்ன டூட்டியா?"

"நேரம் சொல்லுங்க."

"அஞ்சரை."

நோட்டில் எழுதி அவர் பார்க்கும்படி வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

தோற்றேன். ஐந்தரைக்குப் போய் நின்றேன். கண் மூடி, அசையாமல் கிடந்தார். இன்னும் பத்தே பத்து நிமிடம் என்று தோன்றியது. ஐந்து நாற்பதுக்குத் தோளைத் தொட்டேன்.

கண்ணைத் திறக்காமலே, "அஞ்சு நாப்பது" என்றார். ஐந்து மணியிலிருந்தே முழித்து, நான் வருவேனா என்று பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தரைக்கு எழுப்பினேன். முழித்துத்தான் இருந்தார்.

ஜூலை 9, புதன்

ஐந்தரை. முழித்திருந்தார். "ஒரு நிமிசம் முந்திட்டே" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

ஐந்தரை. இன்று தொட்ட பிறகுதான் கண் திறந்தது. இரண்டு மணி முழிப்பு உண்டா என்று கேட்டேன். "நீதான கணக்கு வெப்பே" என்றார். எனக்குத் தெரியவில்லை. அலாரத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டு நானும் தூங்கிவிட்டிருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

இன்றிரவு மாத்திரை இல்லை. மாலை ஆறுக்குத் தரை துடைத்தேன். ஒன்பதுக்கு வெந்நீர். அவர் தைரியமாக இருப்பது போல் பேசினார். ஆனால் காலி டம்ளரை இரண்டு தடவை வாயில் வைத்துக் கவிழ்த்தார்.

"வரலைன்னா?" என்றார்.

"வரலைன்னாலும் அஞ்சரைக்கு எழுப்புவேன்" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். இரவில் என்ன நடந்தது, எத்தனை முறை முழித்தார், எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அறையில் அந்தப் புல் வாசனை இன்னும் மெல்லியதாக இருந்தது.

விளக்கைப் போட்டேன். அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டுப் பிரித்த கை தலையணைமேல் உள்ளங்கை மேலாகக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த 1991க்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. நெற்றியில் ஒரு கோடு கிடையாது. இரண்டு காதும் தூங்கின. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மணி ஐந்தரை.

தோளைத் தொட்டேன். எழவில்லை. குலுக்கினேன். "ஏனுங்க, அஞ்சரை. எந்திரிங்க."

எங்கிருந்தோ வெகு தூரத்திலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, என் கையைத் தன் தோளிலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆறு" என்றார்.

பாடம் முடிந்ததும் வீட்டுப்பாடம் கொடுத்துப் பழகியவள். இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கு ஒன்றே ஒன்று: எந்த எண்ணெயும் வாங்கும் முன், உங்கள் வீட்டில் தூக்கம் வராதவரிடம், இதுவரை எங்கே மிக நன்றாகத் தூங்கினார், அங்கே என்ன வாசனை இருந்தது, எழுப்ப யார் இருந்தார்கள் என்று இன்று மாலை கேட்டுப் பாருங்கள்.